அம்மா சொன்ன ‘பட்’

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அம்மாவுக்குப் பசை தடவுகிற வேலை. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் எல்லோருக்கும் பாடம் எடுத்தாராம். எது கேட்டாலும் ‘குட்’ என்று சொல்ல வேண்டும். ‘பட்’ என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது.

அம்மாவுக்கோ சொல்ல ஒரு விஷயம் இருந்தது. பசை வாடையை வெளியே இழுக்கிற ஃபேன் கெட்டுப்போய்ப் பல மாதமாகியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. தினமும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள்.

“அது இன்னாடி பட்டு? அதுக்குப் போயி இவ்ளோ பயம்?” என்று என்னைக் கேட்டாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, அதுவும் இங்கிலீஷ் மீடியம். கேட்கவா வேண்டும்! ‘ஆனால்’ என்று அர்த்தம் சொன்னேன். அதோடு விட்டேனா? இத்தனூண்டு சொல் ஒரு கம்பெனியையே எப்படி நடுங்க வைக்கிறது என்று எனக்குக் குறுகுறுப்பு. காலேஜில் படித்த அண்ணனின் போனைப் பிடுங்கி அதன் பூர்வீகத்தையே தோண்டினேன். ஆதியில் அதற்கு ‘வெளியே’ என்று அர்த்தமாம். அதுவே பிறகு ‘தவிர’ ஆகி, கடைசியில் ‘ஆனால்’ ஆயிற்றாம்.

“கரெக்டுதான். அதச் சொன்னா வெளிய தள்ளிடுவாங்க” என்றாள் அம்மா. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனாலும் சொல்வதென்று முடிவு செய்துவிட்டாள். பட் என்றால் வந்தவர்கள் நிற்பார்கள், மீதியைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. நான் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெளிநாட்டு மேடம் ஆனேன். அம்மா சப்பாத்தி தேய்த்தபடியே “குட் மேடம், பட்…” என்று பழகினாள்.

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கே ஓடினேன்.

“சொன்னியாம்மா?”

“சொன்னேன். அந்தம்மா நின்னாங்க. ஃபேனு, தலவலி, எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிட்டேன். மேனேஜர்தான் அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொன்னாரு.”

“இன்னா சொன்னாரு?”

“எனக்கு இன்னா தெரியும்? நடுவுல குட்டு, குட்டுன்னு மட்டும் காதுல வுழுந்துச்சு. அந்தம்மா எனக்குக் கை குடுத்துட்டு, சிரிச்சிக்கினே போய்ட்டாங்க.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேடம் கை கொடுத்துவிட்டாள், நாளைக்கே ஃபேன் ஓடும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் நடந்ததையெல்லாம் கேட்ட அண்ணன் தைலத்தை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தான். இவ்வளவு நல்ல சேதியைக் கொண்டுவந்துவிட்டு அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.