நாற்பத்தைந்தாவது நிமிஷத்துக்குப் பிறகு

கோந்த்வாவில் என் நண்பர் வீட்டுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்த வாட்ச்மேன், "மிக்ஸியா சாப்?" என்று கேட்டாராம். "பாட்டு" என்றிருக்கிறார் நண்பர். இத்தனை கனத்துக்கு எத்தனை பாட்டு என்று அவர் கேட்க, "ஒன்பது" என்று இவர் சொல்ல, வாட்ச்மேன் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனாராம். அந்தத் தலையாட்டலில் நியாயம் இருந்தது.

நாங்கள் இருவரும் இருபது சொச்சம் வயதில் கேட்டுக் கிறங்கிய ஓர் ஆங்கில ராக் ஆல்பம் அது. அதே ஒன்பது பாட்டை இப்போது தூசி தட்டி, 'டீலக்ஸ் பாக்ஸ் செட்' என்று பெயர் வைத்து, ஆறு சிடி, ஓர் இசைத்தட்டு, தடிமனான புத்தகம், சுவரில் ஒட்டப் போஸ்டர், அந்தக் காலத்துக் கச்சேரி டிக்கெட்டின் நகல், டீ கிளாஸ் வைக்க நாலு வட்ட அட்டை என்று அடுக்கி அனுப்புகிறார்கள். நண்பரின் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சீர் வந்து எறங்கிட்டு. மாப்பிள்ளை எப்ப வாராவ?"

நண்பரை நான் பாய் என்பேன். அவர் என்னை வே என்பார். அவர் திருநெல்வேலிப் பக்கம், நான் கோயம்புத்தூர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மராத்தி பேசும் ஆகுர்டியில் ஒரே வண்டித் தொழிற்சாலையில் ஒரே வாரம் சேர்ந்தோம். அவருக்கு பிரஸ் ஷாப். தகட்டை அழுத்தி வண்டிக்குக் கதவாகவும் கூரையாகவும் ஆக்கும் ராட்சச இயந்திரங்கள் இருக்கும் இடம். எனக்கு டூல் ரூம். அந்த இயந்திரங்களுக்கு அச்சு செய்கிற வேலை. தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்றுதான் பழகினோம். நட்பாக்கியது ஒரு கேசட்.

அன்றைக்கெல்லாம் பிம்ப்ரியில் பாட்டுப் பதிந்து தருகிற கடைகள் இருந்தன. காலி கேசட்டையும் பாட்டின் பெயர் எழுதிய சீட்டையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். நாங்கள் கொடுத்தது தொண்ணூறு நிமிஷ கேசட். ஒரு பக்கம் எங்கள் ஆங்கில ஆல்பம். மறுபக்கம் எங்களோடு அறையைப் பகிர்ந்த மூன்றாமவனுக்காக இந்திப் பாட்டு. காசையும் பங்கு போட்டவன், அவனுக்கும் ஒரு பக்கம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

கணக்கில் ஒன்றை நாங்கள் பார்க்கவில்லை. ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம்தான் இடம். ஆல்பமோ நாற்பத்தொன்பது நிமிஷம். கடைசிப் பாட்டில், பாடகன் ஒரு வரியின் நடுவே மூச்சை இழுக்கிறான், டக். நின்றுவிடும். நாடா தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கடைக்காரர் கவனிக்கவில்லை. நாங்களோ அது பாட்டின் முடிவு என்றே நம்பினோம். நம்பியதோடு விட்டோமா? அதற்கு விளக்கமும் கண்டுபிடித்தோம். மூச்சை இழுத்தவன் சொல்லாமல் விட்டது என்ன என்று கேன்டீனில் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசியிருக்கிறோம்.

பாய்க்கு அது பேச்சோடு நிற்கவில்லை. "முழுக்கச் சொல்லி முடிச்சா அது நோட்டீஸு வே. பாதியில விட்டாத்தான் பாட்டு" என்பார். இந்த மாதிரி யார் எதைச் சொன்னாலும் எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். படிப்பு பத்தாவதோடு நின்றுபோன எனக்கு, மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதுதான் பாடப்புத்தகம். பாய் தான் சொன்னபடியே வாழவும் செய்தார். சிகரெட்டை விட்டது பாக்கெட்டில் நாலு மீதம் இருக்கும்போது. யூனியன் தேர்தலில் ஜெயிக்கிற நிலைமையில் விலகினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் மாலையோடு நின்று, "எல்லாருக்கும் சலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்..." என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேன்டீனே எழுந்து கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. எல்லாம் ஒரு நாடா தீர்ந்துபோன இடத்திலிருந்து வந்தது.

உண்மை எனக்குத் தெரியவந்தது மும்பை போகிற சாலையில். சில வருஷம் ஆகிறது. மகன் காரில் போனை இணைத்து அந்த ஆல்பத்தைப் போட்டான். கடைசிப் பாட்டில், பாடகன் மூச்சை இழுத்ததும் நான் பழக்கத்தில் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். பாட்டு நிற்கவில்லை. வரி முடிந்தது. அடுத்த வரி வந்தது. இன்னும் நாலு நிமிஷம் ஓடியது. மகன், "என்னப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றான். "ஒண்ணுமில்லடா, ரோட்டைப் பாரு" என்றேன்.

பாயிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் கேட்பது அந்த கேசட்டை மட்டும்தான். அதைக்கூட அவர் மகள் அப்படியே போனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள், வெட்டுப்பட்ட முடிவோடு சேர்த்து. வேறெங்கும் அதைத் தேடிக் கேட்க அவருக்கு அவசியமே இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே, "பாக்ஸ் செட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கானுவ. வாங்கலாமா, சொல்லும் வே" என்று அவர் கேட்டபோது நான் பிரசங்கமே செய்தேன். ஒரே சரக்கை எத்தனை தடவைங்க விப்பாங்க பாய்? எல்.பி. வந்துச்சு, கேசட் வந்துச்சு, சிடி வந்துச்சு. இப்ப பெட்டி. அதுவும் அந்த ஆறு சிடியில் பாதி என்ன? பாடிப் பார்த்துச் சரியில்லை என்று தூக்கிப்போட்டவை. நம் தொழிற்சாலையில் கழித்த உருப்படிகளைச் சிவப்புத் தொட்டியில் போட்டு, வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் துணி போட்டு மூடுவோம். இவர்கள் அந்தச் சிவப்புத் தொட்டியை வெல்வெட் சுற்றி விற்கிறார்களே!

பாய் பொறுமையாகக் கேட்டார். "சிவப்புத் தொட்டியப் பாத்தாத்தான் வே, அச்சு போட்டவன் எவ்வளவு மல்லுக்கட்டியிருக்கான்னு தெரியும். நல்ல உருப்படி வாயத் தொறக்காது."

டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவனிடமே இதைச் சொன்னார். ஆனாலும் விடாமல் மறுத்தேன். நான் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: அந்தப் பெட்டியைத் திறந்தால் கடைசிப் பாட்டு நிற்காது.

அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். காது போய்க்கொண்டிருக்கிறது. பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் கொடுப்பார்கள். பாய் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அச்சில் விரிசல் விழுந்தால் கண்ணைவிடக் காதுக்கு முந்தித் தெரியும் என்பது அவர் கொள்கை. அதற்கு நல்ல பெயரும் வாங்கினார். இப்போது டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், கீச்சென்ற ஒலிகள் வருகிற பக்கத்தில் கடக்வாஸ்லா அணைச் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கிவிட்டதாம். அடுத்த மாதம் காதுக்கு மெஷின்.

"மெஷின் வச்ச பொறவு கேட்டா அது மெஷின் கேட்ட பாட்டு வே. அதுக்கு முன்னால ஒரு தடவ, என் காதால, நல்ல பதிவா முழுசாக் கேட்டுப்புடணும். நீரும் கூட இருக்கணும்."

"சரி, வாங்குங்க பாய்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோந்த்வா போனேன். என் பழைய சிடி பிளேயரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் தட்டு பாதியில் சிக்கும், ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தள்ளவேண்டும். பாயின் மனைவி பெரிய தட்டில் அவல் போஹா வைத்து, "அண்ணே, மெதுவாப் பேசச் சொல்லுங்க. இவக ரகசியம் பேசினா கீழ் வீட்டுக்காரன் பதில் சொல்லுதான்" என்றார்.

"என்ன சொல்லுதா?" என்றார் பாய்.

"போஹா நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

மகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "வாப்பா, இதுல ஃபோட்டோ மட்டும் இருநூறு பக்கம். அந்த டிக்கெட்டைக் காட்டினா உள்ளே விடுவாங்களா?"

"விடுவான். பாடுதவந்தான் இருக்க மாட்டான்."

பிளேயரைப் பாயின் ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்துப் பாட்டைப் போட்டோம். அது வேறு உலகம்தான், ஒத்துக்கொள்கிறேன். கேசட்டில் எப்போதும் பின்னால் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். அது இல்லை. டிரம்ஸ் அறைக்குள் இருந்தது. இரண்டாம் பாட்டில் பின்னணியில் ஒரு பெண்குரல் இருப்பதையே அன்றுதான் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். பாய் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் வருகிற இடத்தில் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அது உயரத்தில் பாடுகிற குரல். சுவருக்கு அந்தப் பக்கம்.

எட்டுப் பாட்டு முடிந்து ஒன்பதாவது வந்தது. பாடகன் மூச்சை இழுத்தான். வழக்கமான இடத்தில் பாய் கையை உயர்த்தி விரலைச் சொடுக்கினார்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

பாய் கண்ணைத் திறந்து, பிளேயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தாடியைத் தடவினார். அந்த வரி முடிந்தது. அடுத்த வரி சாதாரணமானதுதான்: வீட்டுக்கு வா, கதவு திறந்திருக்கிறது என்கிற மாதிரி. முப்பது வருஷமாக நாங்கள் ஊகித்ததில் அது மட்டும் இல்லை.

"உமக்குத் தெரியுமா வே?"

"தெரியுங்க பாய்."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச வருஷமா. நாடா அங்கே தீந்துபோச்சுங்க. நாற்பத்தைந்து நிமிஷம்."

"அப்ப நான் ரிட்டயர்மென்ட்ல பேசினது?"

"நாடா தீந்ததுதானுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பாய்க்குத் தோள் குலுங்கியது. சிரிப்பு. "பாவி மனுசா! யூனியன் தலைவரா ஆயிருப்பேன் வே!"

சிரித்துக்கொண்டே இருந்தவர், "சத்தம் போடாத, அவன் இன்னும் பாடுதான்" என்று தன்னையே அதட்டிக்கொண்டு குனிந்தார். பாட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் குரல் போயிற்று, பிறகு டிரம்ஸ். கடைசியில் ஒற்றை கிதாரும், சின்ன மணிகள் போல ஏதோ ஒன்றும் மட்டும் மெலிந்து மெலிந்து போய்க்கொண்டிருந்தன. காரில் கேட்டபோது அந்த மணிகளை நான் கவனித்ததே இல்லை. அழகு.

பாய் நிமிர்ந்தார். "முடிஞ்சிட்டா? பரவால்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு."

எனக்கு மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். முன்பு அப்படித்தான் விட்டேன்.

"இல்லீங்க பாய். இன்னும் இருக்கு."

அவர் என் வாயையே பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தேன். பிரஸ்ஸின் அதிர்வை வைத்தே அச்சின் நிலைமையைச் சொன்ன கை அது. விரல்களை விரித்து உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். கிதார் மெதுவாக அதிர்ந்தது. மணி அவர் கைக்கு எட்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கையை எடுக்கவில்லை.

இந்தப் பெட்டிகள் தேவையா என்று இப்போதும் யாராவது கேட்டால், அந்த வட்ட அட்டைகளும் போஸ்டரும் தண்டம் என்றுதான் சொல்வேன். சிவப்புத் தொட்டி சிடிகளை நாங்கள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. அவை அடுத்த ஞாயிறுகளுக்கு.

"இப்ப?" என்றார் பாய், ஸ்பீக்கர்மேல் வைத்த கையை எடுக்காமலே.

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கடைசி மணி எங்கே முடிந்தது, அறையின் மின்விசிறிச் சத்தம் எங்கே தொடங்கியது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இன்னும் ஒரு மூச்சு காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"இப்ப முடிஞ்சுதுங்க."