எடை பார்க்கும் சாக்கில்

பள்ளிக்கூட நர்ஸைப் பிள்ளைகள் ‘ஊசியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக அவள் ஊசி போட்டதைவிட வாய் வலிக்கப் பேசியதுதான் அதிகம். மாதம் ஒரு முறை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய், உடம்பு, உறவு, கருத்தடை என்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பாள். கூச்சப்படுகிறவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதி ஷூ பெட்டியில் போடலாம். எந்தச் சீட்டையும் ஒதுக்க மாட்டாள். எழுதியது யாரென்று துருவவும் மாட்டாள்.

முன்பு பிரசவ வார்டில் வேலை பார்த்தபோது, பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, “இப்படி ஆகும்னு யாருமே சொல்லலையேக்கா” என்று அவள் கையைப் பிடித்து அழுதாள். அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அன்று காலை முதல் சீட்டு: ‘ரெண்டு ஆணுறை போட்டா ரெட்டைப் பாதுகாப்பா?’

“இல்லப்பா. ரெண்டும் உரசிக் கிழியும். ஒண்ணை ஒழுங்கா போட்டாலே போதும்.”

“ஹெல்மெட்டுன்னு நினைச்சுட்டான் போலக்கா!” என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன். வகுப்பே சிரித்தது.

அடுத்த சீட்டைப் படித்ததும் சிரிப்பு அடங்கியது. ‘முந்தாநாள் கிழிஞ்சிடுச்சு. இப்ப மாத்திரை போட்டா கேக்குமா?’

யார் முகத்தையும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “சீக்கிரம் போடப் போட நல்லது. மூணு நாள் தாண்டினாலும், அஞ்சு நாள் வரைக்கும் டாக்டர்கிட்ட வழி இருக்கு. என் ரூமுக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

யாரும் வரவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்கிய பஞ்சையே திரும்ப அடுக்கினாள். மத்தியானம் ஒரு யோசனை வந்தது. எல்லாப் பெண்களையும் எடை பார்க்கக் கூப்பிட்டால், எவள் எதற்கு வந்தாள் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

“பரீட்சை நேரத்துல எடை எதுக்கும்மா?” என்றார் தலைமையாசிரியர்.

“ரத்தசோகை இருக்கான்னு பார்க்கணும் சார்.” பாதி உண்மை.

கதவைச் சாத்தி, ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள்: “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

“எடையை மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா” என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி கண் சிவந்து வந்தாள்; அவள் வாய் திறக்கும்வரை காத்திருந்தாள். அவளுக்குப் பல்வலி.

பதினேழு பேரும் போய்விட்டார்கள். மணி இரண்டே முக்கால். டாக்டரின் கிளினிக்கை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எடை நோட்டில் பெண்கள் அவரவர் பெயரை எழுதியிருந்தார்கள். சீட்டின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தால் போதும். நோட்டைப் பிரித்தாள், படக்கென்று மூடினாள்.

கதவு தட்டும் சத்தம். நெட்டையன் உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தினான்.

“எங்களுக்கு எடை பார்க்க மாட்டீங்களாக்கா?”

“விளையாடாதடா, நான் இருக்கற இருப்புல...”

“பசங்களையும் கூப்பிடுவீங்கன்னு மத்தியானத்துல இருந்து காத்துட்டிருக்கேன்.” கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். “அந்த ரெண்டாவது சீட்டு நான் எழுதினதுக்கா. அவ வேற பள்ளிக்கூடம். பஸ் ஸ்டாப்புல நிக்கிறா.”

பொட்டில் அறைந்தது போலிருந்தது. ஒரு பையன் எழுதியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை!

“திட்டுவீங்களாக்கா?”

“நாளைக்குத் திட்டறேன். இப்ப நட.”

பஸ் ஸ்டாப்பில் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்து நின்றவள், அவர்களைக் கண்டதும் ஓரடி பின்னால் போனாள்.

“இன்னும் நேரம் இருக்காக்கா?”

“இருக்கும்மா. வா.”