மாலையைக் கழற்ற மறுத்த அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அண்ணி. சிகரெட்டைச் சொல்லாமல் எழுதினால் அது எங்கள் அண்ணன் இல்லை.

தாம்பரத்தில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். அங்கே சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான் நடுவில் வெளியே போக அனுமதி. சும்மா நின்றால் மேஸ்திரி விரட்டுவார். கால் கடுத்துப்போன அண்ணன், வெளியே நிற்பதற்காகவே ஒன்றை வாங்கிப் பற்றவைத்தார். அப்படித்தான் பிடித்தது அந்தச் சனியன். அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தார்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு மாலை போடுவார். போட்டபிறகு சிகரெட்டைத் தொடமாட்டார். மலையிலிருந்து வந்து, அம்மா மாலையைக் கழற்றிய கையோடு தெருமுனைக் கடைக்குப் போய்விடுவார். "சாமிக்காக விடுறவரு நமக்காக விட மாட்டாரா?" என்று பொருமினோம். மனசு வைத்தால் போதும் என்று நினைத்தோம். எங்களுக்கு என்ன தெரியும்!

தன் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வருடம், அம்மா கழற்றப் போனபோது மாலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. கழட்டினா மறுபடி ஆரம்பிச்சுடுவேன்."

"எத்தினி நாளைக்குடா இப்டியே இருப்பே?"

"தெரியலம்மா. பயமா இருக்கு."

அண்ணன் பயந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா கையை எடுத்துவிட்டார்.

மாலை இருந்தால் விரதமும் இருக்க வேண்டுமே. சித்திரை வெயிலிலும் செருப்பில்லாமல் நடந்தார். அண்ணி விடியலில் குளித்துவிட்டுச் சமைத்தார். முணுமுணுக்காமல் செய்தார் என்று பொய் எழுத மாட்டேன். நன்றாகவே முணுமுணுத்தார், ஆனால் ஒருநாளும் தவறவில்லை.

ஒருநாள் பட்டறையில் தகராறு. மாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெருங்களத்தூரில் வழக்கமான டீக்கடையில் சிகரெட் கேட்டிருக்கிறார். கடைக்காரர் டீயை நீட்டினார்.

"இத குடிங்க சாமி. அது உங்களுக்குக் கெடையாது."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாராம். டீ ஆறும் வரை கடைக்காரரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அண்ணன் மாலையை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த தையில் அம்மா மாலையைக் கழற்றியதும், அண்ணன் கைகால் கழுவிக்கொண்டு வந்து சோறு போடச் சொன்னார். அதன்பிறகு தொடவேயில்லை. நுரையீரல் அதற்குள் கெட்டிருந்தது, மூச்சிரைப்பில்தான் போனார். ஆனாலும் மகள் கல்யாணத்தைப் பார்த்தார், பேத்தியைத் தூக்கி வளர்த்தார்.

அவர் எதிரில் சிகரெட் பிடிக்காமல் தள்ளிப்போய் நின்ற பட்டறை நண்பர்களுக்கும், கடைசிவரை அவருக்கு ஒரு சிகரெட்கூட விற்காத அந்த டீக்கடைக்காரருக்கும், எங்கள் அண்ணிக்கும் எப்படி நன்றி சொல்வேன்?

தாத்தாவைப் பற்றிக் கேட்டால், "தாத்தா மேல விபூதி வாசனை வரும்" என்கிறாள் பேத்தி. அவளுக்கு வேறு வாசனை தெரியாது. அதற்காக உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம்.