குமிழி நின்ற காலை

கடல் ஊருக்குள் வந்து போன ஐந்தாவது வாரத்தில் என் மகன் பிறந்தான். ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வீடு போய்விட்டதால் நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். அங்கேதான் வலி கண்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவனுக்கு மூச்சுவிட மறந்துபோகும். நேர்ஸ் அப்படித்தான் சொன்னார். உறங்கிக்கொண்டே இருப்பான், திடீரென்று நெஞ்சு அசையாது, உதடு நீலமாகும். உள்ளங்காலைச் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி தொடங்குவான். மூக்கில் இரண்டு மெல்லிய குழாய்கள் வைத்து மெஷினால் காற்றுக் கொடுத்தார்கள். அந்தக் காற்று வெளியேறும் குழாயின் முனை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் இருந்தது. காற்றுச் சரியாகப் போகும்வரை போத்தல் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். நான் பிள்ளையைப் பார்த்ததைவிட அந்தப் போத்தலைப் பார்த்ததுதான் அதிகம்.

நாங்கள் முஸ்லிம்கள்; நேர்ஸ் பாண்டிருப்பு ஊர்த் தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அதிகம் கதைக்கமாட்டார்.

பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணியிருக்கும். வீதியில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே பக்கமாக, மேற்கே வயல் பக்கமாகப் போகும் சத்தம் கேட்டது. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"கடல் வருகுதாம்! ஓடுங்க!"

வாட்டில் இருந்த மற்ற இரண்டு தாய்மாரும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார்கள். நானும் மகனின் மூக்குக் குழாயில் கைவைத்துவிட்டேன். நேர்ஸ் என் கையைப் பிடித்தார்.

"கழட்டாதீங்க தங்கச்சி. தூக்கிட்டு ஓடினா படியிலயே மூச்சு நிண்டுரும்."

"கடல் வந்தா, மிஸ்?"

அவர் என் கையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. போத்தலில் கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது. அதன்பின் தண்ணீர் அசையவில்லை. மகனின் நெஞ்சும் அசையவில்லை.

நேர்ஸ் காலைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். பிறகு குழாய்களை எடுத்துவிட்டு, ஒரு சின்ன முகமூடியை அவன் வாயையும் மூக்கையும் மூடிவைத்து, அதோடு இணைந்த றப்பர்ப் பையை இரண்டு விரல்களால் அமுக்கத் தொடங்கினார்.

"நெஞ்சு எழும்புதா எண்டு பாத்துச் சொல்லுங்க."

"ஓம் மிஸ், எழும்புது."

வாட்டில் நாங்கள் மூன்று பேர்தான். வெளியே இரைச்சல் குறைந்து, பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே யன்னலைப் பார்த்தேன்.

"உங்கட புள்ளைகள் எங்க மிஸ்?"

"பள்ளிக்கூடத்தில. கடற்கரை றோட்டில." கை நிற்கவில்லை. "நெஞ்சைப் பாருங்க தங்கச்சி."

எவ்வளவு நேரமோ தெரியாது. மகன் முனகினான். நிறம் திரும்பியது. கொஞ்சநேரத்தில் கரண்ட் வந்தது, ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடல் வரவில்லை, யாரோ கிளப்பிவிட்ட கதை. இன்னொரு நேர்ஸ் வந்து பொறுப்பெடுத்ததும், அவர் செருப்புக்கூடப் போடாமல் வீதிக்கு ஓடினார். பிள்ளைகள் பள்ளிக்கூட மாடியில் பத்திரமாக இருந்தார்களாம். பின்னேரம் மறுபடி வேலைக்கு வந்தார். அவர் என் கையைப் பிடித்திராவிட்டால் நான் குழாயைக் கழற்றிவிட்டு ஓடியிருப்பேன். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த வருடம் மகனைப் பாலர் பள்ளியில் சேர்த்தோம். அதற்கு முதல் அவனை அந்த நேர்ஸிடம் கூட்டிப்போனேன். அவர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் நெஞ்சைத்தான் பார்த்தார்.