மீனுக்குக் கை தூக்கியவள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரெட்வுட் மரங்களைக் காட்டுகிறேன் என்று அப்பா எங்களை வடக்கே அழைத்துப் போனார். கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த டப்ளினிலிருந்து கிளம்பும்போதே மாநிலத்தில் அங்கங்கே காடு எரிந்துகொண்டிருந்தது. அம்மா வேண்டாம் என்றாள். "தீ எல்லாம் அந்தப் பக்கம். நாம போறது இந்தப் பக்கம்" என்று அப்பா போனில் மேப்பைக் காட்டினார். மேப்பின்படி அவர் சொன்னது சரிதான். தீதான் மேப்பைப் பார்க்கவில்லை.

நாங்கள் மோட்டலில் இறங்கிய அன்று பெருங்காற்று அடித்தது. கம்பிகள் உரசித் தீப்பிடித்துவிடக் கூடாது என்று அந்த வட்டாரம் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் நாங்கள் வந்த சாலையையும் தீ வந்து மறித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி அந்தத் தீக்கு அப்பால் இருந்தது.

தம்பிக்கு நான்கு வயது. அவனுக்கு வீசிங் உண்டு. புகை இறங்க இறங்க அவன் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அம்மா காருக்குள் உட்கார்ந்து, கார் பிளக்கில் நெபுலைசரைச் செருகி, அவன் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓட பெட்ரோல் வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்க்கும் வேலை செய்யாது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏங்க, பெட்ரோல் முள்ளு கீழ எறங்கிட்டே போகுதுங்க."

"பாத்துக்கலாம் விடு" என்றார் அப்பா. என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் சொல்லும் வாக்கியம் அது.

மோட்டல்காரர்தான் வழி சொன்னார். மேலே மலைப்பாதையில் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது, அவர்களிடம் சொந்தமாகக் கரண்ட் உண்டு, அவர்கள் பங்க் மட்டும் ஓடுகிறது என்றார். போனோம். நீளமான வரிசை. எங்கள் முறை வந்ததும் பங்க்கில் இருந்த பெண் காருக்குள் எட்டிப் பார்த்தாள். தம்பி மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பெட்ரோல் அப்புறம் போடலாம், முதலில் எதிரே இருக்கிற ஊர்ப் பொது ஹாலுக்குப் போங்கள் என்று கை காட்டினாள்.

சுற்று வட்டாரமே இருண்டு கிடக்க, அந்த ஹாலில் டியூப்லைட் எரிந்தது. பின்னால் ஒரு வயல் முழுக்க சோலார் தகடுகள், பக்கத்தில் லாரி கன்டெய்னர் அளவில் பேட்டரிகள். அந்த ஊருக்கு அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சில் உண்டு. எத்தனையோ வருடம் கூட்டம் போட்டுப் பேசி, அந்தக் கவுன்சில் கட்டி முடித்தது அது. கீழே உள்ள ஊர்களிலிருந்து ஆக்ஸிஜன் மெஷினோடு வந்த வயதானவர்கள் சுவரோரமாகப் படுத்திருந்தார்கள். எங்களுக்கும் ஒரு கட்டிலும் ஒரு பிளக்கும் கிடைத்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்றுகூட யாரும் கேட்கவில்லை. நெபுலைசர் உறுமத் தொடங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்கு முன்பே புகையில் சூரியன் காணாமல் போனது. பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர் வேகமாக உள்ளே வந்து, சிவப்பு ஸ்வெட்டர் போட்டு எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஆன்ட்டியின் காதில் ஏதோ சொன்னார். நான் சமையல்கார ஆன்ட்டி என்று நினைத்திருந்த அவர்தான் கவுன்சிலின் தலைவி. கரண்டியைக் கீழே வைத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே, சாப்பாட்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுக் கூட்டம் கூடிவிட்டது.

அப்பா எழுந்து ஜாக்கெட்டின் ஜிப்பை மேல்வரை இழுத்துவிட்டார். "வெளியாளுங்கள போகச் சொன்னா நான் பேசிக்கறேன்" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார். ஆபீஸில் பிரசன்டேஷனுக்குப் போகிறவர் போல உதடு அசைய ஒத்திகை பார்த்தார்.

தொப்பி போட்ட ஒரு தாத்தாதான் அதிகம் பேசினார். கோபமாகப் பேசினார். ஆறு, மீன், பனிக்காலம் என்று சில சொற்கள்தான் என் காதில் விழுந்தன. நடுநடுவே நெடுநேரம் பேசாமல் நின்றார். அப்போதும் யாரும் குறுக்கே பேசவில்லை. எங்கள் வீட்டில் என்றால் அந்த இடைவெளியில் மூன்று பேர் பேசி முடித்திருப்பார்கள். பாவம், இவருக்கு மீன் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலைவி ஆன்ட்டி ஏதோ கேட்டார். மேஜையைச் சுற்றிக் கைகள் உயர்ந்தன. மீன் யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. காலையிலிருந்து சிப்ஸ் தவிர எதுவும் சாப்பிடாத நான் கட்டில் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் தூக்கினேன்.

"ஐ வான்ட் ஃபிஷ்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. தலைவி ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். உன் கையை எண்ண முடியாது, ஆனாலும் ரொம்ப நன்றி என்றார்.

"தட்ஸ் நாட் ஃபேர்" என்றேன்.

"சும்மா இரு சாமி" என்று அம்மா என்னை இழுத்து உட்கார வைத்தாள். அப்பாவைப் பார்த்தேன். ஜிப்பைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, பேச வந்ததை மறந்தவர் போல நின்றிருந்தார்.

என் கையை எண்ணாவிட்டாலும் மீன் வந்தது. பெட்டி பெட்டியாக வந்தது. ஹால் வாசலில் இரும்புக் கம்பிகளை அடுக்கித் தணல் போட்டு, ஊரே சேர்ந்து மீன் சுட்டது. என்ன மீன் என்று தெரியவில்லை, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சால்மன் என்று அப்பா சொன்னார். அப்பாவும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி தூக்கினார். அம்மா காரிலிருந்து, எங்கே போனாலும் கூடவே வரும் பொள்ளாச்சி மிளகாய்ப்பொடியை எடுத்து வந்து ஒரு தட்டு மீனுக்குத் தடவினாள். தொப்பித் தாத்தா அதில் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார். எனக்கு ஒரு பெரிய துண்டில் முள் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

உள்ளே தம்பி அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தான். நெஞ்சில் விசில் இல்லை. அம்மா அவன் மார்பில் கை வைத்துப் பார்த்துப் பார்த்து அழுதாள். வாசல் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று எண்ணி நான் டிஷ்யூ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காற்று திசை மாறியது. சாலையைத் திறந்தார்கள். பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். திங்கட்கிழமை ஸ்கூலில், காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு மீன் திருவிழாவுக்குப் போய் வந்ததாக எல்லோரிடமும் சொன்னேன்.

இந்த ஆகஸ்ட்டில் தம்பியைக் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு அப்பாவும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக அந்தத் திருவிழாவைப் பற்றிக் கேட்டேன்.

"திருவிழாவா?" என்றார் அப்பா. ஃப்ரீவேயில் காரை ஓரத்து லேனுக்கு மாற்றினார். "பேட்டரி விடியற வரைக்கும் தாங்காதுன்னு அந்தப் பையன் வந்து சொன்னான். ஒண்ணு ஹால்ல இருக்கற பிளக்க நிறுத்தணும், இல்ல ஊரோட கோல்டு ஸ்டோரேஜ நிறுத்தணும். ஹால்ல இருந்ததுல முக்காவாசி நம்மள மாதிரி வெளியாளுங்க. ஸ்டோரேஜ்ல இருந்தது பனிக்காலம் பூரா வீடு வீடாப் பிரிச்சுக்கற மீனு. பல வருஷமா ஆத்துல மீனே இல்லாம, அந்த வருஷந்தான் வந்திருக்கு. நம்ம பிள்ளைங்க என்ன சாப்பிடும்னு அந்தத் தொப்பிக்காரர் கேட்டாரு. அது நியாயமான கேள்விதான. கேட்டுட்டு, ஓட்டுன்னு வந்தப்ப ஸ்டோரேஜ நிறுத்தலாம்னு அவருதான் மொதக் கையத் தூக்குனாரு."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

அன்று அந்தக் கட்டிலின் மேல் நின்றபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. வயிறு நிறையத் தின்றுவிட்டு, தம்பியின் மெஷின் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருந்தேன். என் கையை மட்டும் அவர்கள் ஏன் எண்ணவில்லை என்ற கோபத்திலேயே தூங்கிப்போனேன்.