இளையபெருமாளின் முதல் அடி

விடிந்ததும் ராசம்மாள், கட்டிலிலிருந்து கொல்லைவரை வைக்கோல் பிரிகளைக் குறுக்கே போட்டுக்கொண்டு போவாள். கணவர் இளையபெருமாள் ஒவ்வொன்றாகத் தாண்டி வருவார். நடுவில் கோழி கிளறிக் கலைத்துவிட்டால் அங்கேயே நின்றுபோவார். “ஏ புள்ள, உன் கோழி என் ரோட்டைப் பேத்துடுச்சு!” என்று ஒரே சத்தம்.

அவருக்கு நடுக்குவாதம். சும்மா இருந்தால் வலது கை ஆடும். மண்வெட்டியைப் பிடித்தால் அடங்கிவிடும். கால்தான் பாவி. கிளம்பிவிட்டால் நடக்கும், நின்றால் ஒட்டிக்கொள்ளும். வலங்கைமான் கடைத்தெருவில் அப்படி நின்றவரைக் குடிகாரன் என்றார்கள். சொட்டுக் கள் தொடாத மனுஷனை!

தஞ்சாவூரில் நரம்பு ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நாகேஸ்வரன்தான் விஷயத்தைச் சொன்னார். “காலுல பலம் இருக்கும்மா. கிளம்புன்னு மூளை போடுற உத்தரவுதான் வழியில நின்னுடுது. குறுக்கே ஏதாவது கண்ணுல பட்டா அது வேற வழியா காலுக்குப் போயிடும்.” அன்று ஆரம்பித்ததுதான் வைக்கோல் பிரி.

கழக ஆட்சியில், குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்தது. இளையபெருமாள் மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்து உழுத வயலுக்கே தாசில்தார் வந்தார். “நடக்கவே முடியாதவன் எங்கேருந்துங்க சாகுபடி பண்றான்? நாங்கதான் பண்றோம்” என்றார் மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம். பெயர் ஏறாவிட்டால் இருபது வருஷம் உழுத நிலம் கைவிட்டுப் போகும்.

“எல்லையைக் காட்டுய்யா” என்றார் தாசில்தார்.

வரப்பின் தொடக்கத்திலேயே கால் ஒட்டிக்கொண்டது. பஞ்சநதம் சிரித்தார். ராசம்மாள் குறுக்கே போட எதையாவது தேடினாள். வந்த அவசரத்தில் பிரியை மறந்திருந்தாள், சுற்றிலும் சேறு. சட்டென்று வரப்பில் உட்கார்ந்து, அவர் முன்னால் காலைக் குறுக்கே நீட்டினாள்.

“தாண்டுங்க.”

“மனுசரைத் தாண்டக் கூடாது புள்ள. உனக்கு ஆகாது.”

“நிலம் போனா மட்டும் ஆகுமா? தாண்டுங்கங்கறேன்!”

தாண்டினார். கால் கிளம்பிவிட்டது. வரப்போடு போய் நாலு மூலையையும் காட்டினார். எந்த மடையில் தண்ணீர் வாங்குகிறார் என்பதையும் சொன்னார். தாசில்தார் இளையபெருமாளின் பெயரை எழுதிக்கொண்டார். பஞ்சநதத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

ஜீப் போனது. ஊர்க்காரர்கள் தோளைத் தட்டினார்கள். இளையபெருமாள் யாரையும் கவனிக்கவில்லை.

“உட்காரு. காலை நீட்டு.”

“இப்ப எதுக்கு?”

“தாண்டினா திரும்பத் தாண்டிடணும். இல்லாட்டி தாண்டின தோஷம் உன்னைப் பிடிச்சுக்கும்.”

“வளராம போக நான் என்ன சின்னப் புள்ளையா?” என்றாள். இருந்தும் உட்கார்ந்து நீட்டினாள்.

அவர் மறுபக்கம் போய் நின்று, அவள் தோளில் கை ஊன்றி, மெதுவாகக் காலைத் தூக்கித் திரும்பத் தாண்டினார்.