பட்டிக்குக் கீழே

ஞானேந்திரனுக்குக் கார் இல்லை. பதின்மூன்று வருடமாக லவால் என்ற புறநகரில் ஒரு கராஜில் கார்களின் உடம்பைத் திருத்துகிறார். வேலைக்குப் போவது பஸ்ஸில். போன வருடம் மெற்றோ லவால் வரைக்கும் வந்த பிறகு மெற்றோவில். ஏன் கார் வாங்கவில்லை என்று கேட்டால், "உள்ளுக்குப் பாத்தனான்" என்பார். அதற்கு மேல் கதைக்க மாட்டார்.

ஆனால் கத்தோலிக்கக் கோயில் பங்குச் சனத்தில் அவர் வந்து பார்க்காமல் யாரும் பழைய கார் வாங்குவதில்லை. ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போதே யாராவது கையைப் பிடிப்பார்கள். அவருடைய கோட்டுப் பையில் பழஞ்சீலையில் சுற்றிய காந்தம் ஒன்று இருக்கும். அதைக் காரின் உடம்பில் வைப்பார். ஒட்டினால் தகடு. வழுகி விழுந்தால் பட்டி, ஓட்டையை மூடிய பசை. இந்த ஊரில் ஐந்து மாதம் பனியைக் கரைக்கத் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். உப்பு தகட்டைத் தின்கிறது. தின்ற இடத்தைப் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ற் அடித்து விற்கிறார்கள். வாங்குகிறவன் பெயின்றைத் தடவிப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவருடைய மனைவி யோசெப்பினின் தம்பி கிறிஸ்தோப்பர் வந்து அவரைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அவன் துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறி ஓட்டுகிறவன். யூலையில் அவனுடைய மகள் ஜெயனிக்குக் கலியாணம்.

"அத்தான், எழுபதாம் ஆண்டுக் கார். எட்டு சிலிண்டர். சிவப்பு. ஸ்ரார்ட் பண்ணினால் கோயில் யன்னல் அதிரும்."

"எத்தினை கதவு?"

"ரெண்டு."

"கூறைச்சேலையோட பொம்பிளை எப்பிடிப் பின்னுக்கு ஏறுவாள்? மடிச்சா வைக்கப் போறாய்?"

"முன்னுக்கு இருப்பாள். நான் ஓட்டுவன். சொல்லிப்போட்டன் அத்தான், எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

கார் லவாலில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் நின்றது. விற்கிறவர் றெயால், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். நாலு வருடத்துக்கு முன் வாங்கினாராம். மழையில்கூட வெளியே எடுத்ததில்லை என்றார். கார் மினுங்கியது. கிறிஸ்தோப்பர் போனற்றில் முகம் பார்த்து, அதைத் தடவிச் சிரித்தான்.

ஞானேந்திரன் காந்தத்தை எடுத்தார். கூரையில் ஒட்டியது. கதவில் ஒட்டியது. குந்தியிருந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டில் வைத்தார். காந்தம் நிலத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"பட்டி," என்றார் பிரெஞ்சில்.

றெயாலின் முகம் சிவந்தது. "இருக்காது. குத்திப் பார்."

ஞானேந்திரன் பையிலிருந்த திருப்புளியின் முனையை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். சிவப்புப் பெயின்றோடு ஒரு துண்டு பெயர்ந்தது. இரும்புக் கறள் தூளாகக் கொட்டியது. ஈர நாய் மணம். ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தார். பசையில் ஊறி இறுகிய பத்திரிகைத் தாள் வந்தது. தமிழ்ப் பத்திரிகை. மரண அறிவித்தல் பக்கம். பாதி முகம், கீழே ஆண்டு தொண்ணூற்றேழு.

அவருக்கு அந்த முகம் தெரியாது. அந்தப் பக்கம் தெரியும். பார்க் எக்ஸ்ரென்சன் பகுதித் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கிற வாரப் பத்திரிகை. சாப்பாட்டுப் பெட்டியை அதில்தான் சுற்றிக்கொண்டு போவார். அப்போது இதே கார் நீல நிறத்தில் அவருடைய கராஜில் நின்றது. முதலாளி வந்து, அடைச்சு மூடு, நாளைக்கு விற்க வேணும் என்றான். புதுத் தகடு ஒட்ட மூன்று நாள் பிடிக்கும். அவருக்கு அப்போது இந்த நாட்டில் இருக்க விசா முடிவாகவில்லை. அடைத்தார். சாப்பாட்டுத் தாளைக் கசக்கி, பசையில் தோய்த்து, அடைத்தார். மேலே கண்ணாடி மாதிரித் தேய்த்தார். முதலாளி முதுகில் தட்டினான். சந்தோசமாகத்தான் இருந்தது.

றெயால் தாளை வாங்கிப் பார்த்தார். "என்ன எழுத்து இது?"

றெயால் தாளைப் பார்த்தார், பிறகு இவர்கள் இருவரையும் பார்த்தார்.

கிறிஸ்தோப்பர் தமிழில் சொன்னான்: "ஆரோ எங்கட ஆள் செய்திருக்கிறான், விசரன்."

"நான்தான்."

கிறிஸ்தோப்பர் கிட்ட வந்தான். "சத்தம் போடாதேங்கோ. நல்லதாப் போச்சு. இந்தக் கடதாசியைக் காட்டி விலையைப் பாதியாக் குறைப்பம். பேந்து நீங்களே பட்டி பாத்துத் தாங்கோ. ஒரு நாளைக்குத்தானே அத்தான். கோயிலுக்கும் மண்டபத்துக்கும்."

"அடிச்சட்டமும் இப்பிடித்தான் கிடக்கும். நடுவால முறியும். உன்ர மகள் இருக்கிற பக்கம்."

"ஒரு நாள்! உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

தெரிந்த வேலை. இவன் காரைத் தடவிச் சிரித்தபோது ஞானேந்திரனுக்கு இவன்மேல் அருவருப்பு வந்தது; இப்போது தன்மேலேயே. தன் கைகளைப் பார்த்தார்.

றெயாலிடம் திரும்பினார். "இதை அடைச்சது நான். பதினொரு வருடத்துக்கு முன். மற்றப் பக்கமும் அடைச்சனான்."

றெயால் தமிழ் எழுத்தை இன்னும் கையில் வைத்திருந்தார். உள்ளே போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து ஞானேந்திரனின் காலடியில் போட்டார். "காட்டு."

இரண்டு பக்கமும் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அடித்தார். பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. தாள் தாளாக வந்தது: நகைக்கடை விளம்பரம், ராசிபலன், இன்னும் ரெண்டு மரணம். கதவு ஒன்று தானாகத் தொங்கியது. கிறிஸ்தோப்பர் வான் திறப்புக் கொத்தைக் கிலுக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"இப்ப இது என்ன பெறும்?" றெயால் கேட்டார்.

"எஞ்சினுக்கு ஆள் வரும். மற்றது இரும்பு விலை."

"எந்தக் கராஜில செய்தாய்? முதலாளி எங்க?"

"கராஜை வித்திட்டுப் போட்டான். நான் அங்கதான் நிக்கிறன்." கராஜ் இருக்கும் தெருவின் பெயரையும் சொன்னார். றெயால் அதைத் தாளின் ஓரத்தில் எழுதினார், மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில்.

வெளியே வந்ததும் கிறிஸ்தோப்பர் சீறினான். "வெள்ளைக்காரனுக்கு முன்னால நீங்கள் நல்லவர். நான் ஜெயனிக்கு என்ன சொல்லுறது?"

"மாமா பட்டி பாக்க மாட்டன் எண்டவர் எண்டு சொல்லு. வானில கூட்டிக்கொண்டு போ. சேலையோட ஏறச் சுகம்."

"நீங்கள் கலியாணத்துக்கு வராட்டிலும் பரவாயில்லை."

வான் போய்விட்டது. ஞானேந்திரன் மெற்றோவுக்கு நடந்தார். தெருவோரத்தில் மாரிப் பனிக்குப் போட்ட உப்பு சாம்பல் வரியாகக் கிடந்தது.

வீட்டில் யோசெப்பின் சோறு போட்டாள். தம்பி அதற்குள் போன் பண்ணியிருந்தான். அவள் சோற்றுக் கோப்பையைச் சத்தமாக வைத்தாள். அவர் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். மோந்து பார்த்தார். பிறகு சாப்பிடக் கரண்டி கேட்டார்.